அரைப்பேர் வாங்கிய மூலக்கூறு

கிருஷ்ணராஜ் கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச் ஒன்றைச் செய்தான், வெள்ளைக்காரன் அதைப் பறித்துக்கொண்டு அவனை ஊருக்கு விரட்டிவிட்டான் என்ற கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. சொன்னவன் என் தம்பி ஜூலியஸ். கரவனெல்லையில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்குச் சொன்னது ருவான்வெல்லைக் கடைவீதியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் நானா. நானாவுக்குச் சொன்னது றப்பர் ஷீட் ஏற்றும் ஒரு லொறிச் சாரதி. அதற்கு மேல் யாரென்று ஜூலியஸுக்குத் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத சுவிச்சுன்னா எப்பிடிக்கா? தடவிப் பாத்துத்தான் போடணுமா?"

"தடவவும் முடியாதுடா."

"அப்ப எதுக்கு அது?"

2003ஆம் ஆண்டு அது. நான் நெதர்லாந்தில், கிருஷ்ணராஜ் விட்டுப்போன அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். தம்பியின் கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. அவனே கீழே வைத்துவிட்டுப் போனான்.

அவனுடைய அப்பா கன்னையா, ருவான்வெல்லைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மலைக்குப் போய் மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பகலில் பால் ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். குறித்த கிலோ இருந்தால் முழுப்பேர். குறைந்தாலோ பிந்தினாலோ அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

1992இல் கிருஷ்ணராஜ் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க விரும்பினான். தோட்டப் பள்ளியில் அது இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழில் அது எங்குமே இல்லை. பஸாரில் இருந்த சிங்களப் பாடசாலையில் கேட்டுப் பார்க்கலாமென்று கன்னையா பாதி மரங்களை வெட்டிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பாடசாலை அதிபரின் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள். இடம் கிடைத்தது. திரும்பி மலை ஏறுவதற்குள் மழை பிடித்துவிட்டது. சிரட்டைகளில் இருந்த பாலில் பெரும்பகுதியை மழை கழுவிக்கொண்டு போயிருந்தது.

பால் ஸ்டோரில் கணக்கப்பிள்ளை வாளியைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "கன்னையா, அரை!" என்று கத்தினார். வரிசை திரும்பிப் பார்த்தது. கன்னையா "சரிங்க" என்றார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மகன் காலி வாளியோடு பக்கத்தில் நின்றான்.

குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் போகும் வழியில் அவர் சொன்னாராம்: "விடுடா. இன்னைக்கு நான் பாதி ஆளுதானே வேலைக்கு வந்தேன். மத்த பாதி ஒனக்குப் பள்ளிக்கூடம் தேடப் போச்சு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை அவன் எனக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கன்டீனில் சொன்னான். நாங்கள் ஒரே வருடம் இரசாயனவியலுக்குச் சேர்ந்தவர்கள். நானும் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் படிக்கப் போனவள்தான். ஆதலால் எங்களுக்குள் ஒரு கலவை மொழி இருந்தது. கணக்கைச் சிங்களத்தில் போடுவோம், கோபத்தைத் தமிழில் படுவோம். கன்டீனில் ஒரு தேத்தண்ணியை இரண்டாக ஊற்றிக் குடிப்பது எல்லாருக்கும் வழக்கம். கிருஷ்ணராஜ் மட்டும் சம்மதிக்க மாட்டான். "முழுசா நீ குடி. இல்லாட்டி முழுசா எனக்குத் தா. பாதி எதுக்கு?" என்பான். நாங்கள் அதைக் கேலி செய்வோம். அவன் கோபிக்க மாட்டான், ஆனால் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவான்.

2000இல் அவனுக்கு நெதர்லாந்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, அவன் சொல்லித்தான் நானும் அதே ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பித்துப் போனேன். அங்கே அவன் செய்துகொண்டிருந்ததுதான் அந்த சுவிட்ச்.

ஜூலியஸுக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு மெல்லிய தங்க நூலை மிக மிக மெதுவாக இழுத்தால் அது நடுவில் மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் அறும். அறுகிற அந்தக் கணத்தில் இரண்டு நுனிகளுக்கும் இடையே ஒரு மூலக்கூறு நுழையுமளவுக்குத்தான் இடம் இருக்கும். நாங்கள் தயாரித்த மூலக்கூறின் இரு முனைகளிலும் கந்தகம் இருந்தது. கந்தகம் தங்கத்தைப் பிடித்தால் விடாது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே ஒரு மூலக்கூறு இரண்டு நுனிகளையும் பற்றிக்கொண்டு பாலமாக நிற்கும். அதன் நடுவே ஒரு வளையம். ஒருவகை ஒளி பட்டால் வளையம் மூடிக்கொள்ளும், மின்சாரம் கடந்து போகும். வேறொரு ஒளி பட்டால் திறந்துகொள்ளும், மின்சாரம் நின்றுவிடும். போட்டால் எரிகிற, அமர்த்தினால் அணைகிற சுவிட்ச். அளவு மட்டும் ஒரு மூலக்கூறு.

நான் போன முதல் நாள் கிருஷ்ணராஜ் சொன்னான்: "கந்தகம் எப்பிடி ஒட்டும்னு ஒனக்கு நான் சொல்லணுமா? மாசியில றப்பர் கொழுந்து எலைக்குக் கந்தகத் தூள் அடிப்பாங்கல்ல, எங்க லயத்துப் பொம்பளைங்க கொலுசெல்லாம் கறுத்துப் போயிரும். தேச்சாலும் போகாது."

அவன் நாளெல்லாம் நூலை இழுப்பான். திரையில் ஒரு கோடு ஓடும். தங்கம் ஒட்டியிருக்கையில் மேலே நிற்கும், அறுந்ததும் கீழே விழும். விழுந்த கோடு ஒளியை மாற்றியதும் சில வேளை சட்டென்று மேலே ஏறும், மறுபடி விழும். முழு ஏற்றம், முழு இறக்கம். அதைத்தான் அவன் தேடினான். வேறு சில வேளைகளில் கோடு விழுகிற வழியில், அடிக்குச் சற்று மேலே, ஒரு சின்னப் படியில் கொஞ்சம் தங்கிவிட்டு அப்புறம் விழும்.

"இது என்ன, ராஜ்?"

"இதா? அரைப்பேர்."

"கோடு எப்பிடி அரைப்பேராகும்?"

"அழுக்கா இருக்கும், ஈரமா இருக்கும். வந்தா முழுசா வரணும், இல்லாட்டி வரவே கூடாது. இத நான் கணக்குல எடுக்கிறதில்ல. தள்ளு."

பேராசிரியர் அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த முழு ஏற்ற இறக்கங்களைப் பார்த்து மகிழ்ந்து கேக் வாங்கி வந்தார். கட்டுரை எழுதி முடித்தாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. யாரும் கேட்காமலே கிருஷ்ணராஜ் கடைசியாக ஒரு சோதனை செய்தான். மூலக்கூறு எதுவும் இல்லாத வெறும் தங்க நூலை அதே ஒளியில் இழுத்துப் பார்த்தான்.

வெறும் தங்கமும் ஏறியது, விழுந்தது. முழுதாக.

ஒளியின் சூட்டில் நுனியிலிருந்த தங்கமே நகர்ந்து நகர்ந்து ஒட்டியும் பிரிந்தும் விளையாடியிருக்கிறது. அவன் இரண்டரை வருடமாகச் சேர்த்ததெல்லாம் அந்த விளையாட்டுத்தான். வெளியே குளிரில் போட வேண்டிய மேலங்கியை உள்ளேயே போட்டுக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான். நான் போய் எதிரே அமர்ந்தேன்.

"தங்கந்தான் ஆடிச்சு, ஜெயந்தி. நம்ம ஆளு, அந்த மொலிகியுல், அங்க இருந்துச்சோ இல்லியோ, யாருக்குத் தெரியும்."

பேராசிரியரிடம் அவனே போய்ச் சொன்னான். அவர் கெட்டவரில்லை. கட்டுரை போகுமுன் தெரிந்தது நல்லதே என்றார். வேறொரு தலைப்பில் தொடங்கலாம், செய்த வேலையில் பாதியாவது உதவும் என்றார். அந்தப் 'பாதி'யைக் கேட்டதும் கிருஷ்ணராஜ் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டான். தாழ்வாரத்தில் என்னைக் கண்டு தமிழில் சொன்னான்: "பாதி ஒதவுமாம்." அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் ஊருக்குப் போய்விட்டான்.

ஊரில் அவனைப் பற்றிய கதை அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. லயத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் பொடியன்கள் கூவுவார்களாம்: "ராஜ் அண்ணே, சுவிச்சப் போடுங்கண்ணே!" அவனும் ஆரம்பத்தில் வாசலில் வந்து நின்று சிரித்திருக்கிறான். பிறகு கரண்ட் போனால் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிவிட்டான் என்று ஜூலியஸ் சொன்னான். பட்டம் பெற்றவன் லயத்தில் இருந்தால் சனம் ஒன்றில் கும்பிடும் அல்லது கேலி செய்யும். பக்கத்தில் வந்து உட்காராது.

தோட்டத்தில் அவனுக்குப் பால் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். வாளியில் வரும் பாலில் கண்ணாடி மிதவையை இறக்கி, றப்பர் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. அவன் சொல்வதை வைத்துத்தான் முழுப்பேரா அரைப்பேரா என்று கணக்கப்பிள்ளை போடுவார்.

2006 ஏப்ரலில் விடுமுறைக்கு வந்தபோது ஜூலியஸின் ஆட்டோவில் அங்கே போனேன். நிறுவை நடந்துகொண்டிருந்தது. அமோனியா வாடை. இருளாயி என்ற பெண் வாளியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னங்க சார், அந்தச் சுவிச்சப் போட்டு நம்ம பாலக் கெட்டியாக்கிவிடுங்களேன்."

"தண்ணி ஊத்தாம வந்தா தானா கெட்டியா இருக்கும், இருளாயி."

"நானா ஊத்துனேன்? மேல இருந்துல்ல ஊத்துச்சு! அவனுக்குப் போடுங்க அரைப்பேரு."

வரிசை முழுவதும் சிரித்தது. கிருஷ்ணராஜ் மிதவையைத் தூக்கித் துடைத்தபடி, "முழுப்பேர்" என்றான். பின்னால் நின்ற சிங்களக் கணக்கப்பிள்ளை, "ராஜ், ஆயெத்?" என்று கேட்டார். மறுபடியுமா என்று. கோபமாகக் கேட்கவில்லை, களைப்பாகக் கேட்டார். அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிருஷ்ணராஜ் ஒருவருக்கும் அரை சொன்னதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மழை கழுவிய பாலுக்கும் முழு. பிந்தி வந்தவளுக்கும் முழு. அதைப் பற்றி ஒபிஸில் ஏற்கெனவே பேச்சு இருந்தது.

கன்னையா அதற்கு முந்திய வருடம் இறந்துபோயிருந்தார். லயத்தின் கடைசிக் காம்பராவில் அவன் தனியாக இருந்தான். ஜன்னலோரம் கவிழ்த்து வைத்த ஒரு பெட்டிமேல் ஏரியல் நீட்டிய சிடிஎம்ஏ போன் இருந்தது. காம்பராவில் அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்குமாம்.

"யார் கோல் எடுப்பா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"பேங்குல இருந்து எடுப்பாங்க. அப்புறம் ராங் நம்பர்காரங்க."

அவன் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினான், முழுக் கோப்பை. தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை, ஏனென்றால் மிச்சம் பாதிக் கோப்பைதான் இருந்தது. நான் அதைக் கவனித்ததை அவனும் கவனித்தான்.

"இந்தப் பாலும் நம்ம மொலிகியுல் மாதிரித்தான், ஜெயந்தி. நடுவுல ஒரு மடிப்பு. அது இந்தப் பக்கம்னா றப்பரா இழுபடும், அந்தப் பக்கம்னா வெறச்சுப் போகும். ஆனா இது மாறாது. மரம் எந்தப் பக்கம் மடிச்சுச்சோ அந்தப் பக்கந்தான். சுவிச்சுதான், ஆனா பொறந்ததுல இருந்து ஒரே பக்கம்."

"ராஜ், நீ திரும்பி வரலாந்தானே. கேட்டுப் பாக்கவா?"

"நீ இன்னும் தங்கம் இழுக்கிறியா?" என்று கேட்டான்.

"இழுக்கிறேன்."

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஒரு தடவையாவது நம்ம ஆளு நடுவுல நின்னுச்சா, இல்ல நான் சும்மா தங்கத்தோட வெளையாடிக்கிட்டு இருந்தேனா. நின்னுச்சுன்னா சொல்லு. இல்லன்னாலும் சொல்லு. நின்னிருக்கலாம்னு மட்டும் சொல்லிராத."

ஆட்டோ இறங்கி வளைவு திரும்பும்வரை அவன் வாசலிலேயே நின்றான். கை அசைக்கவில்லை.

அதன்பின் எங்கள் ஆய்வுகூடத்தில் இழுப்பதற்கு ஒரு கருவி வந்தது. மனிதன் நாள் முழுக்க இழுப்பதை அது ஒரு தேநீர் இடைவேளைக்குள் இழுத்துவிடும். கருவிக்கு முழு, பாதி என்ற பேதம் தெரியாது. வந்த கோடு எல்லாவற்றையும் சேர்த்துக் குவித்துக் காட்டும். இந்த ஆண்டு, 2009 ஜனவரியில், அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் அசையாமல் இருந்தேன்.

அடிக்குச் சற்று மேலே அந்தச் சின்னப் படி இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒருவகை ஒளியில் ஒரு படி, அடுத்த ஒளியில் அதற்குக் கீழே இன்னொரு படி. ஒளியை மாற்ற மாற்றக் கோடு ஒரு படியிலிருந்து மற்றதற்குப் போய் வந்தது. வெறும் தங்கத்தை இழுத்தேன். படியே இல்லை. மறுபடி இழுத்தேன். நம்பிக்கை வராமல் கூடத்தில் மற்றவர்களைக் கொண்டும் இழுக்கச் செய்தேன். வெறும் தங்கத்துக்குப் படி வரவே இல்லை.

எங்கள் மூலக்கூறு முழுதாக எரிவதுமில்லை, முழுதாக அணைவதுமில்லை. கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, அவ்வளவுதான் அதன் இயல்பு. முழு ஏற்றமும் முழு இறக்கமும் தங்கத்துடையவை. கிருஷ்ணராஜ் அழுக்கு என்று ஒதுக்கிய அந்த அரைப்பேர்தான் மூலக்கூறு. முதல் நாளிலிருந்தே அது அவன் திரையில் வந்து நின்றிருக்கிறது.

பேராசிரியரிடம் சொன்னேன். கட்டுரையின் முடிவில் அவனுக்கு ஒரு வரியில் நன்றி சொல்லலாம் என்றார். அதை அவன் ஏற்கமாட்டான் என்றேன். ஏன் என்று கேட்டார். பால் ஸ்டோரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சரி, எழுதியவர்களில் ஒருவராக அவன் பெயரைப் போடலாம், ஆனால் அவன் தன் வாயால் சம்மதிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கட்டுரை போய்விடும் என்றார்.

அவன் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. தொலைபேசியில் இரண்டு நாளாகத் தொடர்பே கிடைக்கவில்லை. ஜூலியஸை அனுப்பினேன்.

"சொன்னேன்க்கா. 'அக்கா இன்னைக்குச் சாயந்தரம் கோல் எடுக்கும், அந்தத் தங்கம் இழுக்கிற விசயமா'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"போன எடுத்து ஏரியலத் தொடச்சு வச்சாரு. அப்புறம் 'சரி'ன்னாரு."

"மொகம் எப்பிடி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். அக்கா, இன்னொண்ணு. வெளிநாட்டுக் கோல் அடிக்கடி வராம பாத்துக்க. வடக்குல சண்ட நடக்குது, நேரம் சரியில்ல. போன வாரம் லயத்துல பொலிஸ் வந்து எல்லாரோட ஐடென்டியையும் பாத்துட்டுப் போயிருக்கு."

"அவர ஒண்ணும் கேக்கலயே?"

"தெரியலக்கா. நான் கேக்கல."

இன்று வெள்ளிக்கிழமை. எனக்கு மத்தியானம், அங்கே சாயந்தரம். பால் ஸ்டோர் மூடி அவன் காம்பராவுக்கு வந்திருக்க வேண்டும். நான் நாலாம் முறையாக எண்களை அழுத்துகிறேன். முன்பு எடுத்தபோதெல்லாம் மணி போய் ஓய்ந்தது. மழை பெய்தால் அந்தப் போனில் சிக்னல் நிற்காது. மணி போகிறதென்றால் மழை இல்லை. போன் பெட்டிமேல்தான் இருக்கிறது. அதன் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்.

அவன் பீலியடியில் குளித்துக்கொண்டிருக்கலாம். பஸாருக்குப் பாண் வாங்கப் போயிருக்கலாம். பொலிஸ் திரும்ப வந்திருக்கலாம், அதை நினைக்கக் கூடாது. ஜன்னலருகே நின்று மணியைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. நின்றது என்றால், அதைத் தள்ளியது அவன் கை. நிற்கவில்லை என்றால், அந்த இரண்டரை வருடமும் வெறும் தங்கத்துக்குப் போனது. இரண்டில் எதைக் கேட்பது லேசு என்று எனக்கே தெரியவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். தமிழில்தான் சொல்வேன். நின்னுச்சு ராஜ். நடுவுலதான் நின்னுச்சு.

பேராசிரியர் கதவருகே வந்து, என் காதிலிருக்கும் போனைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

மணி போய்க்கொண்டிருக்கிறது.